முப்பத்தொரு நிரல்

எழுபதாயிரத்துக்கு மேல் ஒரு சதமும் இல்லை.
தவரூபன் அதைக் கூட்டப் புத்தகத்தில் எழுதி
நாள் போட்டு, கையொப்பம் வைத்து,
காசை இரண்டு தரம் எண்ணித் தந்தார்.

மல்லாவியிலிருந்து முதல் பஸ்.
கிளிநொச்சியில் கடைச் சட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
குனிந்து உள்ளே போனேன்.
"என்ன வேலைக்கு அக்கா?" என்றான் நிரோஜன்.
முன்பு போன இரண்டு கடையிலும்
எவ்வளவு இருக்கு என்றுதான் தொடங்கினார்கள்.

பால் கணக்கு.
நூற்றிப் பன்னிரண்டு மாட்டுக்காரர்,
ஒவ்வொரு காலையும் லீற்றர்,
மாத முடிவில் கொழுப்பு, கழிவு, காசு.

மடிக்கணினி ஒன்றைத் திறந்து வைத்தான்.
பதினாலு அங்குலம்.
கொப்பி மாதிரி இடுக்கிக்கொண்டு நடக்கலாம்,
கரண்ட் போனாலும் இரண்டு மணித்தியாலம் தாங்கும்.
பிடித்திருந்தது; அதில் பொய் இல்லை.
கொண்டுபோன கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.
மாதம் பதினேழாம் திகதியோடு முடிந்தது.

சுருக்கினான். முப்பத்தொன்றும் வந்தது,
சீனி டப்பாவுக்குப் போகும் எறும்பு வரிசையாக.
"தள்ளித் தள்ளிப் பாக்கலாம்தானே."

பார்க்கலாம். நான் தனியே என்றால்.
ஐந்தாம் திகதி, காசு கொடுக்கும் நாள்,
என் கதிரைக்குப் பின்னால் ஆறேழு பேர் நிற்பார்கள்.
யோகமலர் விரல் மடித்து எண்ணுவாள்.
சூசைதாசனுக்கு இடது கண் மட்டும்;
எல்லோரையும் விலக்கி வந்து
கதிரையின் வலது பக்கம் நிற்பார்.
பாதி மாதம் மறைந்திருந்தால்
மறைந்த பாதியில்தான் களவு என்று நினைப்பார்கள்.
நானும் அப்படித்தான் நினைப்பேன்.

இருபத்தேழு அங்குலம் ஒன்று காட்டினான், புத்தம் புதுசு.
விலையைக் கேட்டுவிட்டுக் கையை எடுத்தேன்.
மேசை அளவை ஒரு சணலில்
முடிச்சுப் போட்டுக் கொண்டு போயிருந்தேன்,
அதுவும் வேண்டாம் என்றது.

கடைசியில் இப்படி:
கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட பெட்டி,
முதுகில் பாதி கிழிந்த சிங்கள ஸ்டிக்கரோடு,
முப்பத்து நாலாயிரம்.
இருபத்திரண்டு அங்குலத் திரை, பழசு,
பதினாறாயிரத்து ஐந்நூறு.
கரண்ட் போனால் பத்து நிமிடம் தாங்குகிற பற்றரிப் பெட்டி
பன்னிரண்டு.
கீபோட்டும் மவுசும் ஆயிரத்து ஐந்நூறு.
திரையில் ஒரு பச்சைப் புள்ளி
அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.
அதைக் காட்டி எண்ணூறு குறைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் திரை என் மடியில்,
பழைய போர்வைக்குள்.
"பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுக்கேல்லையோ?" என்றான் கொண்டக்டர்.
ஏ ஒன்பதில் குழி இல்லை.
மாங்குளத்தில் திரும்பியபின்
ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கையாலும் அணைத்தேன்.

ஐந்தாம் திகதி.
ஒன்று முதல் முப்பத்தொன்றுவரை
ஒரே பார்வையில் மாதம்.
கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
பிறகு சூசைதாசன்:
"பதினெட்டாம் திகதி எனக்கு ஒண்டு தசம் ரெண்டோ?
பன்ரெண்டெல்லோ குடுத்தனான்."

புள்ளி.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.
ஒரு வரி மேலே நகர்த்தினேன்.
பன்னிரண்டு ஏறிப் போனது, புள்ளி நின்றது,
இப்போது யோகமலரின் பதினொன்றில்.
"ஐயோ, என்ரை பாலிலையும் கை வச்சிட்டுது!"
சிரிப்பில் கதவடியில் நின்ற நாய் எழும்பிப் போனது.

எண்ணூறு ரூபாய் இலாபம் என்று
தவரூபனிடம் சொல்லியிருந்தேன்.
இனி மாதாமாதம்
அந்தப் புள்ளிக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

சிரிப்பு அடங்க முதல் பின்னாலிருந்து ஒரு குரல்,
"இருபத்துமூண்டு வெறுமையாக் கிடக்கு."
திருச்செல்வி. இதுவரை ஒன்றும் கேட்டறியாதவள்.
பால் கொப்பியைப் புரட்டினேன்.
ஒன்பதரை லீற்றர், என் கையெழுத்தில்.
ஏற்ற மறந்தது நான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
விசிறி நிற்க, பற்றரிப் பெட்டி கத்தத் தொடங்கியது.
பத்து நிமிடம்.
திரை வெளிச்சத்தில் ஆறேழு முகம்.
முதலில் ஒன்பதரையை எழுதினேன்.